டேலி ஆகாத ஆண்டுகள்

வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்த கதையை இன்று யார் சொன்னாலும் அதில் ஒரு வில்லன் இருப்பார். கையில் கொடி பிடித்த சங்கக்காரர். அவர் குறுக்கே படுத்துக்கொண்டார், நாடு இருபது வருஷம் பின்தங்கியது, அப்புறம் தனியார் வங்கிகள் வந்து வழிகாட்டின என்று கதை முடியும். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று தலைப்புப் போட்டு இதையே நடத்துகிறார்கள். நான் 1978இல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவன். வங்கியின் பெயர் வேண்டாம். கொடி பிடித்தவர்களோடு டீ குடித்திருக்கிறேன். சுற்றறிக்கை எழுதியவர்களோடும் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கதையில் வில்லன் அவ்வளவு சுலபமாக அகப்படுவதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோவில் ஊர்க் கிளை எங்களுடையது. நெல், நகைக்கடன், பென்ஷன், வெளிநாட்டுப் பணம் என்று நான்கு காலில் நின்ற கிளை. பணம் எடுக்க வருகிறவர் வித்ட்ராயல் ஃபாரத்தைக் கொடுத்ததும் பித்தளை டோக்கன் கைக்கு வரும். ஃபாரம் லெட்ஜர் கீப்பரிடம் போகும். அவர் பெரிய லெட்ஜரைப் புரட்டி, இருப்பைப் பார்த்து, பற்று எழுதிக் கழித்து, ஆபீசரிடம் தள்ளுவார். ஆபீசர் கையெழுத்தை ஒப்பிட்டு 'பாஸ்' பண்ணியதும் அது கேஷியரிடம் போகும். நூறு ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்லும் ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், அவ்வளவுதான்.

வெளியே தெரியாத பெரிய வேலை 'பேலன்ஸிங்'. லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஒரு புத்தகத்தில் வரிசையாக எழுதிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை ஜெனரல் லெட்ஜரில் சேவிங்ஸ் கணக்குக்குக் காட்டியிருக்கும் தொகையோடு ஒட்ட வேண்டும். ஒட்டாது. ஒட்டாத தொகைக்கு 'டிஃபரன்ஸ்' என்று பெயர். ஒரு கிளையின் மானமே அதில்தான் இருந்தது. டிஃபரன்ஸ் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். 540ஐ 450 என்று யாரோ எழுதியிருப்பார். வகுபடாவிட்டால் பாதித் தொகையைத் தேட வேண்டும்; வரவைப் பற்றில் எழுதிய ஆள் இருப்பார். புதிதாக வந்த கிளார்க்குக்கு வங்கிச் சட்டம் தெரியுமோ தெரியாதோ, இந்த இரண்டும் முதல் மாதமே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தபோது பயம் இருந்தது உண்மை. அறுபதுகளிலேயே எல்.ஐ.சி. ஊழியர்கள் கல்கத்தாவில் அந்த இயந்திரம் உள்ளே வராமல் காவல் இருந்ததைச் சங்கக் கூட்டங்களில் புராணம் போலச் சொல்வார்கள். 'வேலை போயிடும் தோழர்' என்ற ஒரு வரி போதும், மண்டபம் நிறையும். ஆனால் 1983 செப்டம்பரில் வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன என்பதைக் கதை சொல்லிகள் சொல்வதில்லை. எத்தனை இயந்திரம், எந்த வேலைக்கு, யார் உட்காருவது, அவருக்கு எவ்வளவு அலவன்ஸ் என்று எண்ணி எண்ணி எழுதிய ஒப்பந்தம். அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. அதே ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு 1989இல் இன்னும் விரிவாகச் சொன்னது. 1993 அக்டோபரில் இன்னொரு ஒப்பந்தம். முந்தைய வரம்புகள் பல அதில் தளர்ந்தன.

இந்தப் பத்து வருஷத்தைத் 'தாமதம்' என்கிறார்கள். பேரம் என்றும் சொல்லலாம். பேரம் நடக்கும்போது இரண்டு பக்கமும் சரக்கைப் புரட்டிப் பார்க்கிறது. எங்கள் சங்கச் செயலாளர் அந்த ஒப்பந்தத்தின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார். யாராவது பயந்து பேசினால் எடுத்து விரிப்பார். "ஆள் குறைப்பு இல்லைன்னு எழுதியிருக்கு, படிச்சிக்குங்க." எந்த ட்ரெயினிங் கல்லூரியும் அந்த மடித்த காகிதம் செய்த வேலையைச் செய்திருக்காது.

ட்ரெயினிங் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டாஃப் காலேஜில் ஒரு பேராசிரியர் கர்ட் லெவின் என்ற ஜெர்மன் உளவியலாளரின் பாடத்தை எடுத்தார். மாற்றம் என்பது பனிக்கட்டி. முதலில் உருக்க வேண்டும், வேறு அச்சில் ஊற்ற வேண்டும், மறுபடி உறைய வைக்க வேண்டும் என்று போர்டில் மூன்று கட்டம் போட்டார். மே மாதம். கரன்ட் போயிருந்தது. எங்களில் யாருக்கும் உருகுவதில் சிரமம் இருக்கவில்லை.

எங்கள் கிளைக்கு ஏ.எல்.பி.எம். வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். லெட்ஜரில் கையால் எழுதியதை இயந்திரத்தில் போஸ்டிங் போடும் ஏற்பாடு. ஒரு கிளைக்குள்ளேயே அடங்கியது, வெளியே ஒயர் எதுவும் கிடையாது. அதற்குக் கண்ணாடி அறை கட்டி ஏ.சி. மாட்டினார்கள். முப்பது வருஷமாக மனிதர்கள் வேலை பார்த்த கட்டடத்தில் முதல் ஏ.சி. இயந்திரத்துக்குத்தான் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் ஒழிக என்று கத்தியவர்கள்கூட மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் ஏதாவது சந்தேகம் கேட்கப் போய்விடுவார்கள்.

ஆனால் இயந்திரத்தை ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் லெட்ஜர் டேலி ஆக வேண்டும். எங்கள் சேவிங்ஸ் லெட்ஜர்கள் சில பல வருஷங்களாக டேலி ஆகவில்லை. அந்த விஷயம் ஆடிட்டருக்கும் தெரியும், வட்டார அலுவலகத்துக்கும் தெரியும். 'விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஆண்டுதோறும் பதில் போய்க்கொண்டிருந்தது. நிர்வாகம் ஊழியர்களின் மனநிலையை மாற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது உண்மையான முட்டுக்கட்டை கிளையின் இரும்பு அலமாரியில் கிடந்தது. இயந்திரம் வந்ததால் அந்த அழுக்கைத் துணி போட்டு மூடி வைக்க முடியாமல் போயிற்று. பின்னால் யோசிக்கும்போது, எங்கள் மேலதிகாரிகள் சிலருக்கே கம்ப்யூட்டர் மேல் இருந்த தயக்கத்துக்கு இதுவும் காரணம் என்று படுகிறது. அதைச் சங்கத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

டேலி செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வருஷத்துக்கு மேல் அதே லெட்ஜர் சீட். எல்லோரும் 'லெட்ஜர் சார்' என்போம். கம்ப்யூட்டர் எதிர்ப்பு ஊர்வலத்தில் முதல் வரிசையில் போனவர்; மேனேஜர் அவரை 'பிரச்சனைக்காரர்' என்று குறித்து வைத்திருந்தார். இருந்தாலும் வேறு வழியில்லாமல் அவரையே கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்தேன். நாலாம் நம்பர் லெட்ஜரில் 2,700 ரூபாய் இடிக்கிறது. இரண்டு பேர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாயிற்று. லெட்ஜர் சார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒம்பதுல போகுதா? போகுது. முந்நூறு. அப்ப ஆயிரமும் நூறும் இடம் மாறியிருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு. நாப்பத்தொண்ணு பதினாலு, அம்பத்திரண்டு இருபத்தஞ்சு, அறுபத்துமூணு முப்பத்தாறு, இந்த மாதிரி ஜோடிங்களை மட்டும் பாரு தம்பி" என்றார். நாங்கள் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினோம். அவர் புரட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பழைய லெட்ஜர் தீர்ந்து புதுசுக்கு மாத்தி எழுதினப்ப நான் அம்மா காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். வேற ஆளு உக்காந்தாரு. அந்தப் பக்கங்களை எடு" என்றார். எடுத்தோம். 4,100 என்ற இருப்பு புது லெட்ஜரில் 1,400 ஆகியிருந்தது. அந்தக் கணக்குக்காரர் அதற்கப்புறம் பணம் எடுக்க வரவே இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அவர் லெட்ஜரின் ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். விதிப்படி அது கூடாது. ஆடிட்டர்கள் கண்டும் காணாமல் போவார்கள். 'காது கேட்காது, டோக்கனைக் கையில் காட்டவும்.' 'கையெழுத்து நடுங்கும், ஆள் தெரியும்.' 'இதே பெயரில் இன்னொருவர் உண்டு, இவர் கீழவீதி.' 'இறந்துவிட்டார், மகன் துபாய், பெண் வலங்கைமான்.' ஒன்றில் 'வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அவர் சிரித்ததோடு சரி. இருப்புகளை ஏற்றி முடித்ததும் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த பையனிடம் அந்தக் குறிப்புகளை எங்கே போடுவது என்று கேட்டார். "அதுக்கு ஃபீல்டு இல்ல சார்" என்றான் அவன். பணிவான பையன்தான். லெட்ஜர் சார் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, எல்லாக் குறிப்பையும் கணக்கு எண் வாரியாக எழுதி இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்தார். ஏ.எல்.பி.எம். அலவன்ஸ் வாங்கிய ஆபரேட்டர்களில் அவரும் ஒருவர் ஆனார். முதல் வரிசை ஊர்வலக்காரர்தான் எங்கள் கிளையில் வேகமாக போஸ்டிங் போட்டவர். அலவன்ஸுக்காக மனம் மாறினார் என்று சிலர் பேசினார்கள். இருக்கட்டுமே, அதற்குத்தானே அலவன்ஸ்.

இதற்கிடையில் 1994இல் எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. போன்ற புதுத் தலைமுறை வங்கிகள் வந்தன. தஞ்சாவூருக்கு அவர்கள் உடனே வரவில்லை. வந்தபோது எங்கள் வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் அங்கே போனார்கள். அவர்கள் வேகத்தைப் பார்த்து எங்கள் தலைமையகம் பொறாமைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களிடம் துடைக்க வேண்டிய பழைய லெட்ஜரே கிடையாது. முதல் கணக்கே கம்ப்யூட்டரில்தான் திறந்தார்கள். பழைய தனியார் வங்கிகளின் பாடு வேறு. கருமுத்து தியாகராசர் 1943இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு இணைந்தபோது, தெற்கத்திக் கிராமக் கிளைகளும் மும்பைத் திரைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அந்தச் செய்தியை எங்கள் கிளையில் எல்லோரும் தங்கள் ஜாதகத்தைப் படிப்பதுபோலப் படித்தார்கள்.

எங்களுக்கு நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மத்திய விஜிலன்ஸ் கமிஷனராக இருந்த என். விட்டல், 2001 பிறப்பதற்குள் வங்கிகள் தங்கள் வியாபாரத்தில் 70 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார். லஞ்சத்தையும் மோசடியையும் பிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பது அவர் வாதம். கெடு வைத்தால்தான் நகரும் என்று அவர் கண்டுகொண்டது சரி. ஆனால் அது வியாபாரத்தில் 70 சதவீதம். கிளைகளில் 70 சதவீதம் இல்லை. பணம் குவிந்திருந்த பெருநகரக் கிளைகளைச் செய்து முடித்தாலே கணக்கு நேராகிவிடும். எங்களைப் போன்ற கிளைகள் அந்த மீதி முப்பதில் சவுகரியமாக அடங்கிக்கொண்டன.

அதே சமயத்தில் வி.ஆர்.எஸ். வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அறுபது நாள் சம்பளம், அல்லது மீதி சர்வீசுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே போனார்கள். எங்கள் கிளையில் விண்ணப்பம் போட்டவர்களைப் பார்த்து மேனேஜர் தலையில் கை வைத்தார். யார் போனால் நல்லது என்று அவர் நினைத்திருந்தாரோ அவர்கள் யாரும் போடவில்லை. அவர்களுக்கு வெளியே பிழைப்பு இல்லை. பெண் கல்யாணத்தை வைத்திருந்தவர்கள், பையன் அமெரிக்காவில் இருந்தவர்கள், கணக்கு எழுதிப் பிழைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் போட்டார்கள். லெட்ஜர் சாரும் போட்டார். பிரிவுபசாரக் கூட்டத்தில் சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு, எல்லோருக்கும் கேசரி. நோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் சர்வீசில் நான் பார்த்த நிர்வாக முடிவுகளில் இதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. ஆளை அனுப்பியதைச் சொல்லவில்லை. அனுப்பிய வரிசை தப்பு. கோர் பேங்கிங் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளின் எல்லாக் கணக்குகளையும் ஒரே மையத்துக்கு ஏற்றும் வேலை, அதற்கு முன்னால் வந்த எல்லா மாற்றமும் அதன் முன் சின்னப்பிள்ளை விளையாட்டு. கணக்குகளின் பூர்வோத்தரம் தெரிந்த ஒரு லட்சம் பேரை வழியனுப்பிவிட்டு அந்த வேலையைத் தொடங்கினோம். சம்பளச் செலவு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். அவர்களோடு போனது எவ்வளவு என்று போட அந்தத் தாளில் கட்டமே இல்லை.

எங்கள் முறை வந்தபோது நான் ஆபீசர். தலைமையகத்திலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. காலியான கட்டங்களை நிரப்பி அனுப்பு, தேதி தவறக்கூடாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எங்கள் ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர்? இனிஷியலைக் கொண்டுபோய் அங்கே வைத்தோம். பல பேர் ஒற்றை எழுத்துக் குடும்பத்தினர் ஆனார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் 01-01-1900. காவேரிக்கரையில் ஒரே நாளில் அத்தனை பிரசவம் நடந்திருக்க முடியாது என்று எந்தக் கம்ப்யூட்டரும் கேட்கவில்லை. லாங் சைஸ் நோட்டு அதற்குள் ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தது. அங்கே ஒரு மழையில் கீழ் வரிசை முழுவதும் ஊறிப்போனது.

பிறகு ஒரு பென்ஷன் நாளில் கவுன்ட்டரில் தகராறு. புதிதாகச் சேர்ந்த பெண், கெட்டிக்காரி. ஒரு பாட்டியின் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பாட்டி மறுபடி போட்டுக் கொடுக்கிறார், இன்னும் கோணலாக. "ஏன் ஆத்தா, ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை போட மாட்டேங்கிறீங்களே" என்கிறாள். அவள் செய்தது விதிப்படி சரி. 'கையெழுத்து நடுங்கும், ஆள் தெரியும்' என்ற வரி அவள் திரையில் இல்லை. நான் போய் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "நீங்க லீவுல போனா?"

புது ஏற்பாட்டில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்காருவது ஒழிந்தது. துபாயில் போட்ட பணம் அன்றைக்கே தெரிந்தது. 'லிங்க் இல்லீங்க' என்ற புது வசனம் வந்ததும் உண்மைதான். அதுவும் சில வருஷத்தில் குறைந்தது. நான் பெரிதாக நினைப்பது 2010 ஏப்ரல் 1ஆம் தேதியை. அதுவரை சேவிங்ஸ் வட்டி, மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான். பதினோராம் தேதி நெல் விற்ற பணத்தைக் கட்டியவருக்கு அந்த மாதம் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. இருபத்தெட்டாம் தேதி அவசரத்துக்கு எடுத்தவருக்கும் கிடையாது. கையால் தினசரி கணக்குப் போட முடியாது என்பதுதான் அந்த முறைக்குச் சொன்ன சாக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல வருஷம் அதே முறை ஓடியது. ரிசர்வ் வங்கி உத்தரவு போட்ட பிறகுதான் தினசரி இருப்புக்கு வட்டி வந்தது. இயந்திரத்தின் பலன் முதலில் தலைமையகத்துக்குப் போனது, கடைசியாகத்தான் பாஸ்புக்குக்கு வந்தது. அதற்காகச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக்கினார்கள். நாடே ஊரடங்கில் இருந்த நேரம். ஐ.எஃப்.எஸ்.சி. மாறியது, செக் புத்தகம் மாறியது. நான் அப்போது வெறும் வாடிக்கையாளன். வீட்டிலிருந்தே வேடிக்கை பார்த்தேன். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டுகளை ரிசர்வ் வங்கி நிதிக்கு மாற்றும் ஏற்பாடு 2014இலேயே வந்துவிட்டிருந்தது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி மாற்றிய தொகை ₹35,012 கோடி. உரிமையாளரைத் தேட உத்கம் என்று ஒரு இணையதளமும் அந்த வருஷம் வந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் பழைய கிளையிலிருந்து ஒரு இளம் ஆபீசர் போன் செய்தார். உரிமை கோராத கணக்குகளுக்கு வாரிசுகளைத் தேடும் இயக்கமாம். "சார், உங்க காலத்துக் கணக்குங்க. அட்ரஸ்ல 'மேலவீதி'ன்னு மட்டும் இருக்கு" என்று சில பெயர்களைப் படித்தார். இரண்டு பேரை எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு லெட்ஜர் சாரின் போன் நம்பரைக் கொடுத்தேன். அவர் திருச்சியில் பெண் வீட்டில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் பட்டியலில் முக்கால்வாசிப் பேரின் வீட்டைச் சொல்லிவிட்டாராம். 4,100 ரூபாய்க்காரரின் பெண் வலங்கைமானில்தான் இருக்கிறார் என்பதும் அப்படித் தெரிந்தது. அந்த அம்மாள் வங்கிக்கு வந்து ஃபாரமும் எழுதிக் கொடுத்துவிட்டார். வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். மனு தாலுகா ஆபீசில் இருக்கிறது. ஆன்லைனில் போட்டதுதான், அண்ணன் துபாயிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் ஆகிவிடும் என்று வி.ஏ.ஓ. சொல்லியிருக்கிறார்.